காடனுக்கு அச்சம் தொண்ணூற்றிரண்டு

காடன் முதன்முதலாகக் கேள்வி கேட்ட அன்று மேகலாவுக்குப் பெருமைதான் வந்தது. வெட்கம் பிறகு வந்தது. வந்ததோடு சரி, போகவே இல்லை.

காடன் மனிதன் அல்ல. கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில், அறுபது பேர் சேர்ந்து நான்கு வருடமாகச் செய்துகொண்டிருந்த 'ஏழேரி நாடு' என்னும் கணினி விளையாட்டில் அவன் ஓர் ஏரிக்காவலன். தொள்ளாயிரம் வருடத்துக்கு முந்தைய நாடு அது. அரசன், கோட்டை, குதிரைப்படை, கல்மதகு வைத்த ஏழு ஏரிகள் எல்லாம் உண்டு. அந்த நாட்டுக்குள் வானத்திலிருந்து ஒரு கலம் உடைந்து விழும். அதிலிருந்து தப்பி வெளியே வருகிறவர்தான் விளையாட்டை ஆடுபவர். அவர் கையில் பகல் வெயிலைப் போல அடிக்கும் விளக்கு இருக்கும். சொன்ன இடத்துக்குப் பறந்து போகும் இரும்புக் கழுகு இருக்கும். ஏரித் தண்ணீரை மலைக்கு மேலே ஏற்றும் எந்திரம் ஒன்றும் இருக்கும். வேலும் வாளும் மட்டுமே பார்த்த ஊரில் இதையெல்லாம் இறக்கினால் என்ன ஆகும்? ஊர் மலைத்துப்போகும். திரையின் மூலையில் 'மலைப்பு' என்றே ஒரு மானி வைத்திருந்தார்கள். ஊர்க்காரர்கள் வாயைப் பிளக்கப் பிளக்க அது ஏறும், ஏற ஏற ஆடுபவரின் பலம் கூடும், நூறைத் தொட்டால் நாடு அவர் கைக்குள்.

இதில் புதுமை என்னவென்றால் ஊர்க்காரர்கள்தான். பழைய விளையாட்டுகளில் அவர்கள் எழுதிக்கொடுத்த நான்கு வசனத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இதில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு மனம். அந்த மனங்களைச் செய்வதற்கு நிறுவனத் தலைவர் சைலேந்திரன் ஒரு வழக்கம் கொண்டுவந்திருந்தார். 'வீட்டு ஆள்' என்று அதற்குப் பெயர். வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் தன் வீட்டைச் சேர்ந்த ஒருவரின் பேச்சைப் பதிந்து கொண்டுவர வேண்டும். அந்தப் பேச்சிலிருந்து ஒரு பாத்திரத்தின் மனம் உருவாகும். படம் வரையும் பிரிட்டோ தன் மாமியாரைக் கொண்டுவந்தார். அந்த அம்மாள் அரண்மனைச் சமையற்கட்டுக்குத் தலைவியாகிச் சேனாதிபதியையே உண்டு இல்லை என்று ஆக்கிக்கொண்டிருந்தார். வழக்கத்தோடு ஒரு சட்டமும் இருந்தது. கொண்டுவந்தவர் மட்டுமே அந்த ஆளைத் திருத்தலாம், மற்றவர் கைவைக்கக் கூடாது. வீட்டு ஆளின் மானத்தை வீட்டுக்காரர்தானே பார்த்துக்கொள்வார் என்று சைலேந்திரன் சொல்வார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

கதை எழுதும் பிரிவுக்குத் தலைவியான மேகலா கொண்டுவந்தது அவளுடைய அண்ணன் நாச்சிமுத்துவை. கணபதியில் மோட்டார் பட்டறை வைத்திருப்பவர். எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்து, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டி, மறுபடி ஓடவைத்துக் கொடுப்பார். அவர் வாரம் இரண்டு தடவை தங்கைக்கு போன் செய்வார். மேகலாவின் போன் எல்லா அழைப்புகளையும் தானாகவே பதிந்து வைத்திருந்தது. அதில் இருந்து சிரிப்பு வருகிற பேச்சாகப் பார்த்துப் பொறுக்கினாள். ஆள் இல்லாமல் ஓடும் பேருந்தைப் பற்றி அவர் கேட்டது, பேசினால் பதில் சொல்லும் அடுப்பைப் பற்றி அவர் கேட்டது, வங்கியில் கேமராவுக்கு முகத்தைக் காட்டச் சொன்னபோது பதறிப்போய்ப் பேசியது. எதைப் பார்த்தாலும் அவர் முடிவில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்பார். "சரி அம்மணி, இது நின்னுபோச்சுன்னா யாரு பாக்கறது?" பட்டிக்காட்டான் மிட்டாய்க்கடையைப் பார்த்த கதைதான் என்று மேகலாவுக்குத் தோன்றும். போனை வைத்துவிட்டுத் தனியாகச் சிரிப்பாள்.

அனுமதி கேட்டுத்தான் செய்தாள். "அண்ணா, உங்க பேச்சக் கேம்ல போடறோம். ஏரிக்கே நீங்கதான் அதிகாரி" என்றாள்.

"என்ற பேச்ச யாரு அம்மணி கேப்பாங்க?" என்று வெட்கப்பட்டார் நாச்சிமுத்து. அடுத்த வாரமே பட்டறைக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "என்ற தங்கச்சி கேம்ல ஏரிக்கு நாந்தானுங்க ஆபீசரு" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

படிவத்தில் 'உறவு' என்ற இடம் வந்தபோது மேகலாவின் கை சற்று நின்றது. 'தெரிந்தவர்' என்று எழுதினாள். ஏன் அப்படி எழுதினாள் என்று யாராவது கேட்டிருந்தால் அவளிடம் பதில் இருந்திருக்காது. பழக்கம், அவ்வளவுதான்.

அந்தப் பழக்கம் தொடங்கிய நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கல்லூரி இரண்டாம் வருடம். தோழிகள் நான்கு பேரை வீட்டுக்குச் சாப்பிட அழைத்திருந்தாள். கிணற்றடியில் மோட்டாரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு முழங்கை வரைக்கும் கிரீஸோடு அண்ணன் உட்கார்ந்திருந்தார். "யாருடி அது?" என்றாள் ஒருத்தி. "மோட்டார் பாக்க வந்தவரு" என்றாள் மேகலா. வாயிலிருந்து அது அவ்வளவு சுலபமாக வந்தது. அண்ணன் காதில் விழுந்துவிட்டது. அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "மோட்டார் ஓடுதுங்க அம்மணி, இனித் தண்ணி வந்துருமுங்க" என்று வேற்று ஆளைப் போலவே சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனார். தோழிகள் போகும்வரைக்கும் வரவில்லை. அன்று அவர் மதியச் சாப்பாடு எங்கே சாப்பிட்டார், சாப்பிட்டாரா என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது. அவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

சோதனைக்காகப் பதினெட்டுப் பேரை வரவழைத்து விளையாட விட்டார்கள். பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள். எந்திரம் ஏரித் தண்ணீரை மலைமேல் ஏற்றும் காட்சி வந்தது. ஊரே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது. காடன் மட்டும் விழவில்லை. மெதுவாக எந்திரத்தை நெருங்கினான். கையிலிருந்த மூங்கில் கழியின் ஒரு முனையை எந்திரத்தின்மேல் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டான். பிறகு ஆடுபவரை நிமிர்ந்து பார்த்து, "இது நின்னுபோச்சுன்னா யாருங்க பாக்கறது?" என்றான்.

அவன் அப்படிச் செய்வான் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. மேகலாவுக்கு உடம்பு சிலிர்த்தது. மனங்களைச் செய்யும் பொறியாளர் நிலோஃபர் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"கழிய எதுக்குக் காதுல வெக்கிறான்?" என்றாள் மேகலா.

"உங்க ரெக்கார்டிங்ல இருக்கு மேடம். திருப்புளிய மோட்டார்மேல வெச்சு, அதோட பிடியக் காதுல வெச்சா உள்ள பேரிங் பேசறது கேக்கும்னு அவர் ஒரு தடவ சொல்லியிருக்கார். அந்தக் காலத்துல திருப்புளி இல்ல. அதான் கழிய எடுத்துக்கிட்டான்" என்ற நிலோஃபர், "இவர் யாரு மேடம்? செம ஆளா இருக்காரே" என்றாள்.

"தெரிஞ்சவரு" என்றாள் மேகலா.

ஆடியவர்களுக்குக் காடனைப் பிடிக்கவில்லை. அவன் கேள்விக்குச் சொல்லப் பதில் இல்லாமல் விழித்தார்கள். அவர்கள் விழித்ததைப் பார்த்து, விழுந்து கிடந்த ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார்கள். மலைப்பு மானி மடமடவென்று இறங்கியது. 'வேலையை விட்டுட்டு வந்து விளையாடறது கேள்வி கேக்கறவன்கிட்ட மாட்டறதுக்கா?' என்று ஒருவர் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்.

சைலேந்திரன் மேகலாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நிலோஃபரும் வந்தாள்.

"தொள்ளாயிரம் வருசத்துக்கு முன்னாடி இருந்த ஆளு, மெஷினப் பாத்தா மிரள வேண்டாமா மேகலா? இவன் என்னமோ வாரன்ட்டி கார்டு கேக்கற மாதிரி கேக்கறான். நம்பற மாதிரி இல்லையே" என்றார் சைலேந்திரன்.

"அந்த ஏழு ஏரியக் கட்டினது யாரு சார்? அவன மாதிரி ஆளுங்கதானே? மதகு எங்க உடையும்னு யோசிக்கத் தெரியாதவங்களா அதக் கட்டியிருப்பாங்க?" என்றாள் நிலோஃபர்.

"நியாயமெல்லாம் சரிம்மா. ஆடறவன் எதுக்கு வர்றான்? வெளிய எல்லாரும் அவன மெரட்டறாங்க. உள்ளயாவது நாலு பேரு அவனப் பாத்து மெரளணும். அதத்தான நாம விக்கறோம்?"

கேள்வி கேட்கும் குணத்தை எடுத்துவிட முடியுமா என்று சைலேந்திரன் கேட்டார். முடியாது என்றாள் நிலோஃபர். அது தனியாக ஒரு இடத்தில் இல்லை, அந்தப் பேச்சு முழுவதிலும் கலந்திருக்கிறது. வேண்டுமானால் அச்சத்தை ஏற்றலாம். அச்சம் ஏறினால் கேள்வி அடியில் போய் அமுங்கிவிடும்.

"ஏத்திடுங்க" என்றார் சைலேந்திரன்.

"நான் ஏத்த முடியாது சார். உங்க சட்டம்தான். கொண்டுவந்தவங்கதான் தொடணும்."

இருவரும் மேகலாவைப் பார்த்தார்கள். முடியாது என்று அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போயிருக்காது. காடனை ஏதாவது ஒரு காட்டு ஏரிக்கு அனுப்பிவிட்டு, இந்தக் காட்சிக்கு வேறு ஆளைப் போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் 'ஏன், அவர் உங்களுக்கு என்ன வேணும்?' என்று ஒரு கேள்வி வந்திருக்கும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, "நான் பாத்துக்கறேன்" என்றாள். காடனுக்கு அச்சம் ஏறுவதற்கு முன்பு அவளுக்குத்தான் ஏறியது.

தன் மேசைக்கு வந்து காடனைத் திரையில் வரவழைத்தாள். அச்சத்தின் அளவு நூறுக்கு நாற்பதில் இருந்தது. அறுபதுக்கு நகர்த்தினாள். காடன் எந்திரத்தைவிட்டு இரண்டடி பின்னால் போனான். எழுபத்தைந்தில் அவன் கழி நடுங்கியது, "இது நின்னு..." என்று தொடங்கியவன் முடிக்காமல் எச்சில் விழுங்கினான். எண்பத்தைந்தில் கழியைக் கீழே போட்டான். தொண்ணூற்றிரண்டில் தடாலென்று விழுந்து, முகத்தை மண்ணில் வைத்துக்கொண்டு, "ஒண்ணுந் தெரியாதுங்க சாமி, எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க" என்றான்.

நாச்சிமுத்துவின் குரல் அது. வங்கியில் முகத்தைக் காட்டச் சொன்ன அன்று, பத்துப் பேருக்கு முன்னால் நின்றுகொண்டு போனில் அவளிடம் சொன்னார்: "எனக்கு ஒண்ணுந் தெரியாது அம்மணி, நீ சித்த வாயேன்." அவள் அன்று போகவில்லை, அலுவலகத்தில் கூட்டம் இருந்தது. மேகலா காதிலிருந்து கருவியைப் பிடுங்கி எடுத்தாள். முகமெல்லாம் சூடாக இருந்தது. யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாள். யாரும் பார்க்கவில்லை. தொண்ணூற்றிரண்டிலேயே சேமித்துவிட்டு எழுந்தாள்.

விளையாட்டின் முன்னோட்டம் வெளிவந்தது. ஓடியது என்றால் அப்படி ஓடியது. இரண்டு நிமிட முன்னோட்டத்தில் கோட்டையையும் குதிரையையும் யாரும் பேசவில்லை, எல்லாரும் பிடித்துக்கொண்டது காடனைத்தான். 'ஒண்ணுந் தெரியாதுங்க சாமி' என்பதைத் துண்டாக வெட்டி எதற்கெடுத்தாலும் ஒட்டினார்கள். தேர்வில் தோற்றவன் ஒட்டினான், மனைவியிடம் மாட்டிக்கொண்டவன் ஒட்டினான். பேருந்தில் எவனோ ஒருவனின் போன் அந்தக் குரலில் அடித்தது. மேகலா இறங்கவேண்டிய நிறுத்தத்துக்கு முன்பே இறங்கி நடந்தாள்.

அண்ணன் வாரம் இரண்டு தடவை போன் செய்வது ஒன்றாகக் குறைந்தது. அவருக்கு வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். உண்மையில் அவளுக்கு அது நிம்மதியாக இருந்தது, அதை நினைத்தும் வெட்கமாக இருந்தது.

வெளியீட்டு விழாவுக்குச் சைலேந்திரன் ஓர் ஏற்பாடு சொன்னார். வீட்டு ஆட்கள் எல்லாரையும் வரவழைத்து மேடையில் ஏற்றுவது. அவரவர் தன் பாத்திரத்தை நேருக்கு நேர் சந்திப்பது. "காடன் அண்ணன்தான் கடைசி ஐட்டம்" என்றார். அவர் வெளியூர் போயிருக்கிறார் என்று மேகலா சொல்லிப் பார்த்தாள். "அப்படியா? காலைலதான் பேசினேன், வர்றேன்னு சொன்னாரே" என்றார் சைலேந்திரன். படிவத்தில் அவள்தான் அவருடைய போன் எண்ணை எழுதிக்கொடுத்திருந்தாள்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. பெரிய அரங்கம். ஐந்நூறு பேர். நாச்சிமுத்து வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். நகக்கண்ணில் இருந்த கறுப்பு மட்டும் போகவில்லை. மேகலா கடைசி வரிசைக்குப் பின்னால், கதவோரமாக நின்றுகொண்டாள். பிரிட்டோவின் மாமியார் மேடையேறித் தன் பாத்திரத்தோடு சண்டையே போட்டார். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது.

"இப்ப, நீங்கல்லாம் எதிர்பாத்த ஆளு! நம்ம காடன்!" என்றார் சைலேந்திரன்.

நாச்சிமுத்து படியேறும்போதே அரங்கத்தில் பாதிப் பேர், "ஒண்ணுந் தெரியாதுங்க சாமி!" என்று கோரஸாகக் கத்தினார்கள். அவர் திடுக்கிட்டதாகத் தெரியவில்லை. கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

"மேகலா மேடம் மூலமாத்தான் நீங்க எங்களுக்குக் கெடச்சீங்க. அவங்களுக்கு நீங்க என்ன வேணுமுங்கண்ணா? படிவத்துல தெரிஞ்சவர்னு போட்டிருக்கு" என்று ஒலிவாங்கியை நீட்டினார் சைலேந்திரன்.

நாச்சிமுத்து கூட்டத்தைக் கண்களால் துழாவினார். கதவோரத்தில் தங்கையைக் கண்டுபிடித்தார். அவர் கண்ணைப் பார்த்ததும் மேகலா தலையைக் குனிந்துகொண்டாள். வேண்டுமென்று குனியவில்லை, கழுத்து தானாகவே குனிந்தது. நிமிர்வதற்குள் அவர் பதில் சொல்லிவிட்டார்.

"அவிங்க வீட்டு மோட்டார் பாக்கறவனுங்க" என்றார்.

நல்ல கைதட்டல். மேகலாவுக்குக் காதில் எதுவும் ஏறவில்லை. கால்கள் கதவுப் பக்கம் போகப் பார்த்தன. கைப்பிடியைக்கூடப் பிடித்துவிட்டாள்.

அதற்குள் நாச்சிமுத்துவின் கையில் விளையாட்டுக் கருவியைக் கொடுத்து, அவர் பேசுவது காடனுக்குக் கேட்பதற்காகத் தலையில் பேச்சுவாங்கியையும் மாட்டிவிட்டார்கள். திரையில் ஏரி விரிந்தது. எந்திரம் உறுமித் தண்ணீரை மேலே ஏற்றியது. காடன் வந்தான், பார்த்தான், தடாலென்று அவர் காலடியில் விழுந்தான். அவருடைய குரலிலேயே அவரிடம், ஒண்ணுந் தெரியாதுங்க சாமி என்றான். கூட்டம் சிரித்தது. மலைப்பு மானி எழுபதைத் தாண்டியது.

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. "எந்திரிங்க" என்றார் திரையைப் பார்த்து. "அட, எந்திரிங்க. காலுல விழுகாதீங்க." காடன் இன்னும் ஒட்டிப் படுத்தான். நாச்சிமுத்து சைலேந்திரன் பக்கம் திரும்பினார். "ஏனுங், இவர எழுப்பிவுடறதுக்கு எந்தப் பட்டனுங்க?"

சைலேந்திரன் சிரித்துக்கொண்டே, "அப்படி ஒரு பட்டன் இல்லீங்கண்ணா. சுடலாம், ஓடலாம், கழுகப் பறக்கவுடலாம்" என்றார்.

"எழுப்ப முடியாதுங்களா?"

"அது யாருக்குங்கண்ணா வேணும்?"

நான்கு வருடம். அறுபது பேர். ஆயிரத்து இருநூறு செய்கைகளை எழுதிவைத்திருந்தாள் மேகலா. குதிரையின் பிடரியைத் தடவுவதற்குக்கூட ஒன்று இருந்தது. விழுந்தவனைத் தூக்கிவிடுவது அவளுக்குத் தோன்றவே இல்லை. கைப்பிடியிலிருந்து அவள் கை தானாக விலகியது.

நாச்சிமுத்து கருவியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, வந்த மோட்டாரில் எந்த ஒயர் எதற்குப் போகிறது என்று பார்க்கிறவரைப் போல, ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்க்க ஆரம்பித்தார். ஒன்றில் விளக்கு அடித்தது, உடனே அணைத்தார். ஒன்றில் கழுகு பறந்தது. கூட்டத்தில் சலசலவென்று பேச்சு எழுந்தது. இன்னொன்றை அமுக்கியபோது திரை சட்டென்று தாழ்ந்தது. கோட்டைச் சுவரோரம் எதிரி கண்ணில் படாமல் பதுங்குவதற்காக வைத்த பட்டன் அது. நாச்சிமுத்து அதை விடாமல் அமுக்கிக்கொண்டார். இப்போது அவர் காடனுக்கு எதிரே மண்ணில் குந்தி உட்கார்ந்திருந்தார்.

இத்தனை மாதத்தில் ஒருவர்கூட ஊர்க்காரன் முன்னால் குந்திப் பார்த்ததில்லை. முதல் வரிசையிலிருந்து நிலோஃபர் எழுந்து நின்றுவிட்டாள்.

காடன் மெதுவாகத் தலையைத் தூக்கினான். எதிரே இருந்த முகம் தன் முகத்துக்குச் சமமாக இருப்பதைப் பார்த்தான். கையை ஊன்றி உட்கார்ந்தான். கீழே கிடந்த கழியைத் துழாவி எடுத்து, ஒரு முனையை எந்திரத்தின்மேல் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக்கொண்டான். நாச்சிமுத்துவின் முகத்தில் அப்போதுதான் முதன்முதலாக ஒரு மாற்றம் தெரிந்தது. தன் ஆளை அடையாளம் கண்டுகொண்டார்.

"இது நின்னுபோச்சுன்னா யாருங்க பாக்கறது?" என்றான் காடன்.

"நான் பாக்கறனுங்க" என்றார் நாச்சிமுத்து. "நின்னா சொல்லியனுப்புங்க. வந்து பாத்துத் தர்றனுங்க."

மானி சரசரவென்று இறங்கிப் பூஜ்யத்துக்குப் போனது. "அண்ணா, தோத்துட்டீங்களே!" என்று சைலேந்திரன் சிரிப்பை இழுத்துப் பார்த்தார். கூட்டம் கூடச் சேர்ந்து சிரிக்கவில்லை. "பரவால்லீங்க" என்றார் நாச்சிமுத்து, பட்டனிலிருந்து விரலை எடுக்காமல்.

மேகலா நடக்க ஆரம்பித்தாள். நடுவில் இருந்த வழி நீளமாக இருந்தது. மேடைப் படியில் ஒருமுறை கால் இடறியது. சைலேந்திரன் கையிலிருந்து ஒலிவாங்கியை வாங்கினாள்.

"இவரு தெரிஞ்சவரு இல்ல. என்ற அண்ணன்" என்றாள். "கூடப் பொறந்த அண்ணன். காடன் முதல்ல இப்ப நீங்க பாத்த மாதிரிதான் இருந்தான். காலுல விழவெச்சது நான்தான்."

இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து எங்கோ ஒருவர் கைதட்டத் தொடங்கி, துணைக்கு ஆள் சேராததால் நிறுத்தினார்.

நாச்சிமுத்து அவசரமாகத் தலையிலிருந்த பேச்சுவாங்கியைக் கழற்றினார். அவள் கையிலிருந்ததையும் வாங்கி, அதன் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். "எதுக்கு அம்மணி இத்தன பேரு முன்னால?" என்றார்.

"இத முன்னாடியே பாத்துட்டீங்களாண்ணா?"

"மூணு வாரமாச்சு. பட்டறைல ஒரு தோட்டத்துக்காரரு போன்ல அடிச்சுது. நாலு பேரு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். என்ற கொரலுன்னு சொல்லல."

"மூணு வாரமா ஏண்ணா என்னைக் கேக்கல? அன்னைக்கு, காலேஜ் படிக்கறப்ப... அப்பவும் கேக்கல. எதப் பாத்தாலும் கேப்பீங்களே. என்னை மட்டும் ஏன் ஒரு தடவகூடக் கேக்கல?"

திரையில் காடன் உட்கார்ந்தபடியே கழியைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். நாச்சிமுத்து அவனைப் பார்த்துவிட்டுத் தங்கையைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபத்தைத் தேடினாள் மேகலா. கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

"கேட்டா நீ பதில் சொல்லோணுமில்ல அம்மணி" என்றார்.